உடலின் கோபத்தைத் தணிக்கும் செல்கள்

உங்கள் ரத்தத்தில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்களில் சில, உங்கள் தைராய்டையோ மூட்டையோ கணையத்தையோ தாக்கும் திறன் கொண்டவை. நோயாளிகளுக்கு மட்டுமல்ல, நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடுபவர்களுக்கும் இது பொருந்தும். அப்படியானால் நம்மில் பெரும்பாலோர் எப்படி நன்றாக இருக்கிறோம்? அந்த அணுக்களை அடக்கி வைப்பதற்கென்றே உடலில் ஒரு தனி வகைச் செல்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காக மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இது ஆராய்ச்சிக்கூடத்துச் சங்கதி, எனக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? வீட்டில் யாருக்காவது முடக்குவாதம், சொரியாசிஸ், லூபஸ், குழந்தைப் பருவச் சர்க்கரை நோய் இருக்கலாம். உறவினர் ஒருவர் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழலாம். தெரிந்தவர் ஒருவர் புற்றுநோய்க்குப் புது வகை ஊசி போட்டுக்கொள்ளலாம். எதுவுமே இல்லாவிட்டாலும், 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விளம்பரம் செய்யப்படும் பொடியை வாங்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். இவை எல்லாவற்றிலும் இந்தச் செல்களுக்குப் பங்கு உண்டு.

முதலில் அடிப்படையிலிருந்து வருவோம். உடலின் பாதுகாப்பைக் கவனிப்பவை வெள்ளை அணுக்கள். அவற்றில் ஒரு பிரிவு டி செல்கள். ஒவ்வொரு டி செல்லின் மேற்பரப்பிலும் ஒரு வகை உணர்வான் (எதிரே உள்ள பொருளை இனம் காணும் புரதம்) இருக்கிறது. ஒரு டி செல்லில் இருக்கும் உணர்வான் இன்னொன்றில் இருப்பதைப் போல இருக்காது. உடல் அதற்கான மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டு, கோடிக்கணக்கான வடிவங்களை உண்டாக்கிவிடுகிறது.

ஏன் இப்படிக் குலுக்க வேண்டும்? நாளைக்கு எந்தக் கிருமி வரும் என்று உடலுக்குத் தெரியாது. இதுவரை உலகில் தோன்றியிராத வைரஸ் வந்தாலும், அதை அடையாளம் காண ஏதாவது ஒரு டி செல் தயாராக இருக்க வேண்டும். கோவிட் வந்தபோது அந்த வைரஸை அதற்கு முன் சந்தித்தே இராத மனிதர்களின் உடல்கள் அதை எதிர்கொண்டது இந்த ஏற்பாட்டால்தான்.

ஆனால் கண்மூடித்தனமாகக் குலுக்கும்போது, சொந்த உடலின் புரதத்தையே எதிரியாகப் பார்க்கும் செல்களும் பிறந்துவிடும். அவற்றை என்ன செய்வது? அதற்காகத்தான் தைமஸ் (மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேல் இருக்கும் சிறு சுரப்பி) இருக்கிறது. டி செல்கள் அங்கே வளர்கின்றன, அங்கேயே சோதிக்கப்படுகின்றன. உடலின் பல உறுப்புகளுக்கு உரிய புரதங்களின் மாதிரிகள் அங்கே காட்டப்படும். அவற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும் டி செல் அங்கேயே அழிக்கப்படும்.

அந்தச் சோதனையே போதாதா? போதாது. சில செல்கள் தப்பி வெளியே வந்துவிடுகின்றன. சோதனையை இன்னும் கடுமையாக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால், நம் புரதத்தை லேசாக ஒத்திருக்கும் கிருமிகளைப் பிடிக்கக்கூடிய செல்களும் சேர்ந்து ஒழிந்துவிடும். கொஞ்சம் ஆபத்தை ஏற்றுக்கொண்டு, அதை வெளியில் வைத்துச் சமாளிப்பதுதான் உடல் எடுத்துக்கொண்ட வழி.

அந்தச் சமாளிப்பைச் செய்பவைதான் ரெகுலேட்டரி டி செல்கள் (மற்ற பாதுகாப்பு அணுக்களை அடக்கி ஒழுங்குபடுத்தும் டி செல்கள்). மருத்துவர்கள் சுருக்கமாக டி-ரெக் என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம். இவற்றில் பெரும்பகுதி அதே தைமஸில்தான் உருவாகிறது. சொந்தப் புரதத்தை ஓரளவு பலமாகப் பிடிக்கும் டி செல்களில் ஒரு பகுதியை தைமஸ் கொல்லாமல் டி-ரெக்காக மாற்றி அனுப்புகிறது. தன் உடலை அடையாளம் காணும் அதே திறன்தான் இப்போது காவலுக்குப் பயன்படுகிறது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

எவ்வளவு இருக்கும்? ரத்தத்தில் உள்ள உதவி டி செல்களில் (மற்ற அணுக்களைத் தூண்டிவிடும் வகை) ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் டி-ரெக்குகள். எண்ணிக்கையில் சிறுபான்மைதான். அவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல, இரண்டு எலிக் கதைகளுக்குப் போக வேண்டும்.

முதல் கதை ஜப்பானில் நடந்தது. பிறந்த மூன்றாம் நாள் எலிக்குஞ்சின் தைமஸை ஆராய்ச்சியாளர்கள் அகற்றினார்கள். டி செல்கள் வளரும் இடமே போய்விட்டால் பாதுகாப்பு பலவீனமாகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர் எதிர். அந்த எலிகளின் பாதுகாப்பு அணுக்கள் வெறிகொண்டு, அவற்றின் சினைப்பை முதலான உறுப்புகளையே தாக்கின. 1969இல் இது வெளியானது. சில நாள் தள்ளி தைமஸை அகற்றினால் அந்த நோய் வரவில்லை.

இந்தப் புதிரை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஷிமோன் சகாகுச்சி. அவர் 1980களின் தொடக்கத்தில் நகோயா நகரின் ஐச்சி புற்றுநோய் மையத்தில் வேலை செய்தார். மரபணு அளவில் ஒரே மாதிரியான ஆரோக்கியமான எலியின் டி செல்களை எடுத்து, தைமஸ் இழந்த எலிகளுக்குச் செலுத்தினார். நோய் வரவில்லை. ஆகவே டி செல்களுக்குள்ளேயே தாக்குபவையும் உண்டு, தடுப்பவையும் உண்டு. தடுப்பவை தைமஸை விட்டுச் சற்றுத் தாமதமாக வெளியே வருகின்றன. மூன்றாம் நாளே தைமஸை அகற்றினால் தாக்குபவை வெளியே இருக்கும், தடுப்பவை வந்து சேர்ந்திருக்காது.

பிறகு ஏன் உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை? அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1970களில் 'அடக்கும் டி செல்கள்' என்று ஒரு கருத்து பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட மரபணுவே இல்லை என்று 1980களில் தெரியவந்ததும், அந்தத் துறையே அவப்பெயர் எடுத்தது. அந்த நேரத்தில் மீண்டும் அடக்கும் செல்கள் என்று ஒருவர் பேசினால் யார் கேட்பார்கள்? சகாகுச்சி பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேடினார். 1995இல், அந்தச் செல்களின் மேற்பரப்பில் சிடி25 என்ற புரதம் இருப்பதைக் காட்டினார். சிடி25 உள்ள செல்களை நீக்கிவிட்டு மீதி டி செல்களை மட்டும், டி செல்களே இல்லாத எலிக்குச் செலுத்தினால் பல உறுப்புகளில் நோய். நீக்கியவற்றையும் சேர்த்துச் செலுத்தினால் நோய் இல்லை.

இரண்டாவது கதை அமெரிக்காவில். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1940களில் கதிர்வீச்சின் விளைவுகளை எலிகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே தானாகவே ஒரு விசித்திரமான எலி இனம் தோன்றியது. ஆண் குட்டிகளில் சிலவற்றுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்தது. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கின. சில வாரங்களில் செத்துப்போயின. 'ஸ்கர்ஃபி' என்று பெயர் வைத்து அந்த இனத்தைப் பல தலைமுறைகளாகப் பாதுகாத்து வந்தார்கள்.

1990களில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை செய்த மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும், ஸ்கர்ஃபி எலிகளில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று தேடினார்கள். எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதன் நீளம் சுமார் 17 கோடி எழுத்துகள். தேடும் இடத்தைப் படிப்படியாகச் சுருக்கி 5 லட்சம் எழுத்துகளுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதியில் 20 மரபணுக்கள் இருக்கலாம் என்று கணித்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். கடைசியாகப் பார்த்த இருபதாவதில்தான் பிழை இருந்தது. அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர்.

எலிக்கு வந்தால் மனிதனுக்கு என்ன? அதையும் அவர்கள் கேட்டார்கள். ஐபெக்ஸ் என்ற மிக அரிதான நோய் ஆண் குழந்தைகளைத் தாக்கும். பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ நிற்காத வயிற்றுப்போக்கு, தோலில் கடும் கரப்பான், சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே உயிரைப் பறிக்கும். இந்தக் குழந்தைகளிடமும் அதே ஃபாக்ஸ்பி3 கெட்டிருக்கிறது என்று 2001இல் தெரிந்தது. ஃபாக்ஸ்பி3 இல்லாமல் டி-ரெக்குகள் உருவாக முடியாது என்பதை 2003இல் சகாகுச்சி உள்ளிட்டோர் காட்டினார்கள். இரண்டு கதைகளும் அங்கே ஒன்றாயின.

சரி, டி-ரெக்குகள் எப்படி அடக்குகின்றன? அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அடுப்பை அணைப்பதில்லை. பால் காய வேண்டும், பொங்கி வழியக் கூடாது, அதனால் சரியான நேரத்தில் தீயைக் குறைக்கிறார். கிருமியோடு சண்டை நடக்கும்போது டி-ரெக் செய்வது ஏறக்குறைய இதுதான்.

தீயை எப்படிக் குறைக்கிறது? பல வழிகள் உண்டு. அவற்றில் முக்கியமானது பட்டினி போடுவது. சண்டையில் இறங்கும் டி செல்கள் பெருகுவதற்கு இன்டர்லூக்கின்-2 (டி செல்கள் சுரக்கும் வளர்ச்சித் தூண்டி) வேண்டும். டி-ரெக்கின் மேலே உள்ள சிடி25 அதை உறிஞ்சி இழுத்துக்கொள்கிறது. மற்றவற்றுக்குக் கிடைப்பது குறைகிறது.

இன்னொரு வழி, தூண்டுதலையே எடுத்துவிடுவது. டி செல்லைச் சண்டைக்கு எழுப்பும் செல்களின் மேற்பரப்பில் 'எழுந்திரு' என்று சொல்லும் புரதங்கள் இருக்கும். டி-ரெக் தன்னிடம் உள்ள சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தால் அவற்றைப் பிடித்து உரித்து எடுத்துவிடுகிறது. முடக்குவாதத்துக்குத் தரப்படும் அபாடாசெப்ட் என்ற ஊசி மருந்து இதே சிடிஎல்ஏ-4ஐ ஒட்டிச் செய்யப்பட்டதுதான். இவை தவிர, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 போன்ற பொருள்களையும் டி-ரெக் சுரக்கிறது.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் ஆட்டோ இம்யூன் நோய்கள் (பாதுகாப்பு அணுக்கள் சொந்த உறுப்பையே தாக்கும் நோய்கள்) ஏன் வருகின்றன? டி-ரெக் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. ஐபெக்ஸ் போன்ற அரிய நோயில்தான் காரணம் அவ்வளவு தெளிவு. மற்றவர்களிடம் எண்ணிக்கை சரியாக இருந்தும் வேலைத்திறன் குறைந்திருக்கலாம். டி-ரெக் நன்றாக இருந்தும் தாக்கும் செல்கள் அதன் சொல்லைக் கேட்காமல் போகலாம். அழற்சி கடுமையாக இருக்கும் இடத்தில் டி-ரெக் தன் குணத்தை இழக்கவும் கூடும்.

என் அம்மாவுக்கு இருக்கிறது, எனக்கும் வருமா? பரம்பரை வாய்ப்பைக் கூட்டும், விதியை எழுதிவிடாது. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களிக்க, தொற்று, புகைபிடித்தல், ஹார்மோன் மாற்றங்கள் என்று மற்றவையும் சேர வேண்டும். பெண்களிடம் இந்த நோய்கள் ஆண்களைவிட மிக அதிகம். அதனால் வீட்டுப் பெண்கள் 'உடம்பு வலிக்கிறது, அசதியாக இருக்கிறது' என்று மாதக்கணக்கில் சொன்னால், வேலைக் களைப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எதைப் பார்த்தால் டாக்டரிடம் போக வேண்டும்? காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் இறுகி, ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் தளராமல், வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். கன்னத்தில் வெயில் பட்டால் சிவக்கும் தடிப்பு, ஆறாத வாய்ப்புண், கொத்துக்கொத்தாக முடி கொட்டுவது, நுரைத்த சிறுநீர் ஆகியவை சேர்ந்து வந்தால் லூபஸா என்று சோதிக்க வேண்டும்.

குழந்தை விஷயத்தில் காத்திருக்கவே கூடாத ஒன்று உண்டு. திடீரென்று அடிக்கடி தண்ணீர் கேட்கிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வருகிறது, மெலிகிறது என்றால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பாருங்கள். டைப் 1 சர்க்கரை நோயில், இன்சுலின் சுரக்கும் செல்களைக் குழந்தையின் டி செல்களே அழித்துக்கொண்டிருக்கும். ஓரிரு நாள் தாமதமும் குழந்தையை மயக்க நிலைக்குக் கொண்டுபோய்விடலாம்.

டி-ரெக் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டா? ஆராய்ச்சிக்கும், ஐபெக்ஸ் போன்ற சந்தேகத்துக்கும் பார்ப்பார்கள். சாதாரண நோயாளிக்கு அந்த எண் எந்த முடிவையும் மாற்றாது. யாராவது உடல் பரிசோதனைத் தொகுப்பில் சேர்த்து விற்றால் வாங்க வேண்டாம். அதேபோல், ஏஎன்ஏ என்ற பரிசோதனை 'பாசிட்டிவ்' என்று வந்ததும் கலங்கிவிடாதீர்கள். நோய் எதுவும் இல்லாத பலருக்கும் அது அப்படி வரும். அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம்.

இப்போது எதிர்ப்பு சக்தி விளம்பரங்களுக்கு வருவோம். எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக ஊறிவிட்டது. ஸ்கர்ஃபி எலிக்கும் ஐபெக்ஸ் குழந்தைக்கும் இருந்தது கட்டுப்பாடற்ற எதிர்ப்பு சக்திதான். அதனால், ஒரு பொருள் உண்மையிலேயே உங்கள் பாதுகாப்பு அணுக்களைத் தூண்டிவிட்டால் அது மகிழ வேண்டிய செய்தி அல்ல; எதைத் தூண்டுகிறது, எவ்வளவு, எவ்வளவு காலம் என்று கேட்க வேண்டிய செய்தி.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பீர்கள். கோவிட் காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் கொடியைப் பலர் தொடர்ந்து சாப்பிட்டார்கள். அப்படிச் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். பிறகு நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி வெளியிட்டன. பாதுகாப்பு அணுக்கள் கல்லீரலைத் தாக்கும் நோயின் சாயல் பலரிடம் இருந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. வேறு கொடியைச் சீந்தில் என்று தவறாகச் சாப்பிட்டிருக்கலாம் என்றது.

இதற்காகச் சீந்திலையே ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே ஆட்டோ இம்யூன் நோய் இருந்தாலோ, உறுப்பு மாற்றிக்கொண்டிருந்தாலோ, எதிர்ப்பு சக்திப் பொடி, கஷாயம், மாத்திரை எதையும் உங்கள் டாக்டருக்குத் தெரியாமல் தொடாதீர்கள். அவர் ஒரு பக்கம் தீயைக் குறைக்க மாத்திரை தருகிறார். மறுபக்கம் நீங்கள் ஏற்றிவிடக் கூடாது.

அந்த மாத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் நல்ல சண்டை, கெட்ட சண்டை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தணிக்கும். அதனால்தான் வலி பறந்துபோகிறது. அதனால்தான் தொற்றும் சுலபமாக வருகிறது. வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் ஒரு நாள் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்ததால் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் என்று தவறாக எடுத்துக்கொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எந்தக் கிழமை என்பதை மாத்திரை டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது.

ஊசியாகத் தரப்படும் புதிய உயிரியல் மருந்துகளைத் தொடங்கும்முன் காசநோய்ப் பரிசோதனை எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். நம் நாட்டில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை உறங்க வைத்திருப்பதே பாதுகாப்பு அணுக்கள்தான். அவற்றைத் தணித்தால் கிருமி எழும். பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

தடுப்பூசி போட்டால் நோய் கிளம்பிவிடுமா? உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசிகளை, ஃப்ளூ, நிமோனியா போன்றவற்றுக்கு, ஆட்டோ இம்யூன் நோயாளிகள் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்வதே நல்லது. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசிகள்தான், தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கானவை, எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படும். எது எந்த வகை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவால் டி-ரெக்கைக் கூட்ட முடியுமா? குடலில் ஓரளவுக்கு வழி தெரிகிறது. நாம் தினமும் விழுங்கும் சோறும் பருப்பும் உடலுக்கு அந்நியப் பொருள்களே. குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. இவற்றோடெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் வாழ முடியாது. அதனால் குடல் பகுதியில் சாதாரண டி செல்களிலிருந்தே புதிதாக டி-ரெக்குகள் உருவாகின்றன. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது பியூட்டிரேட் (ஒரு வகைக் கொழுப்பு அமிலம்) உண்டாகிறது. அது டி-ரெக் உருவாவதை ஊக்குவிப்பதை 2013இல் எலி ஆய்வுகள் காட்டின.

மனிதர்களிடம் அவ்வளவு உறுதியான சான்று இல்லை. ஆகவே கம்பும் கேழ்வரகும் கீரையும் பயறும் சாப்பிட்டால் முடக்குவாதம் குணமாகும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் குடலுக்கும் நல்லது என்பதற்காகச் சாப்பிடுங்கள். டி-ரெக்குக்கும் உதவினால் லாபம். வைட்டமின் ஏ-யும் இதில் பங்கெடுக்கிறது. அதற்காக மாத்திரையாக வாங்கி அதிகம் விழுங்கினால் கல்லீரலுக்குக் கேடு, கர்ப்பிணியின் குழந்தைக்கு ஊனம் வரலாம். கீரையும் கேரட்டும் பப்பாளியும் போதும்.

உணவை ஏற்றுக்கொள்ளக் குடல் பழகுவதற்கு ஒரு பருவம் உண்டு. லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 4 முதல் 11 மாதக் குழந்தைகளில், நிலக்கடலை கொடுத்து வளர்க்கப்பட்டவர்களிடம் ஐந்து வயதில் நிலக்கடலை ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது. தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தெரியாதவர்களில், தவிர்த்தவர்களிடம் 13.7 சதவீதம், சாப்பிட்டவர்களிடம் 1.9 சதவீதம். ஒவ்வாமை வந்துவிடும் என்று பயந்து தள்ளிப்போடுவது எதிர் விளைவைத் தரலாம் என்று புரிகிறது. கொடுக்கும்போது நைசாக அரைத்துக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும்; முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கும். குழந்தைக்குக் கடும் கரப்பான் இருந்தால் முதலில் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

டி-ரெக் நல்லது என்றால், அதிகமாக இருந்தால் இன்னும் நல்லதா? அதுவும் இல்லை. பல புற்றுநோய்க் கட்டிகள் டி-ரெக்குகளைத் தங்கள் பக்கம் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. கட்டியைத் தாக்க வரும் டி செல்களை அவை தணித்துவிடுகின்றன. கட்டி நிம்மதியாக வளர்கிறது.

அந்தத் தடையை விலக்கும் மருந்துகள் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் இபிலிமுமாப், கறுப்பு நிறத் தோல் புற்றுநோயான மெலனோமாவுக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிடி-1 என்ற இன்னொரு தடையை விலக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவையும் வந்தன. நம் ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் இவற்றைத் தருகிறார்கள்.

தடையை விலக்கினால் கட்டி மட்டுமா தாக்கப்படும்? குடல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல், தோல் எதுவும் தாக்கப்படலாம். அதனால் உங்கள் வீட்டில் யாராவது இந்த ஊசியில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல், புதிய இருமல், மஞ்சள் காமாலை, தாங்க முடியாத அசதி எது வந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட இவை வரலாம். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால், இந்த ஊசி போட்டிருக்கிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டால் அடக்கிவிடலாம்.

டி-ரெக்கையே மருந்தாகத் தர முடியாதா? முயற்சிகள் நடக்கின்றன. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-ரெக்குகளைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, திரும்பச் செலுத்துவது ஒரு வழி. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க இதைச் சோதித்திருக்கிறார்கள். ராம்ஸ்டெல் இணைந்து நிறுவிய சோனோமா பயோதெரப்யூடிக்ஸ், முடக்குவாத நோயாளிகளிடம் இத்தகைய சிகிச்சையைச் சோதிக்கிறது.

இன்னொரு வழி இன்டர்லூக்கின்-2. அதிக அளவில் கொடுத்தால் அது தாக்கும் செல்களைப் பெருக்கும். சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்து அது. மிகக் குறைந்த அளவில் கொடுத்தால், சிடி25 நிறைய வைத்திருக்கும் டி-ரெக்குகளே முந்திக்கொண்டு உறிஞ்சி, அவைதான் பெருகும். ஒரே மருந்து, அளவு மாறினால் எதிர் வேலை. குறைந்த அளவு முறையைச் சில நோய்களில் சோதித்த இரண்டு ஆய்வுகள் 2011இல் நம்பிக்கை தரும் முடிவுகளோடு வெளிவந்தன. லூபஸ் போன்றவற்றிலும் சோதனைகள் தொடர்ந்தன.

இவை எதுவும் ஆட்டோ இம்யூன் நோய்க்கான வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. அதனால் ஒரு எச்சரிக்கை. பத்திரிகையில் நோபல் பரிசு என்று வந்ததும், அதன் பெயரைச் சொல்லி 'செல் சிகிச்சை' என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் கிளம்புவார்கள். இந்தியாவில் ரத்த நோய் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் தவிர்த்த ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ என்ற இணையப் பதிவேடு இருக்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்களை அழைப்பவரிடம் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் கட்டணத்தைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

புதிய சிகிச்சை வரும்வரை பழைய மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா? வேண்டாம். முடக்குவாதத்தில் தேய்ந்த மூட்டும் லூபஸில் கெட்ட சிறுநீரகமும் பிறகு எந்தப் புதிய மருந்தாலும் பழையபடி ஆகாது. இன்று இருக்கும் மருந்தால் அவற்றைக் காப்பாற்றி வைத்தால்தான் நாளை வருவதற்கு ஏதாவது மிஞ்சியிருக்கும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சாப்பிடும் எல்லாவற்றையும், கஷாயம், பொடி உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எந்தக் காய்ச்சலுக்கு உடனே வர வேண்டும், மாத்திரையை எந்த நாளில் நிறுத்தி வைக்க வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.